காப்பகத்து உயிர்களுக்கு வைத்தியம்: யாழ்ப்பாணத்தில் ஒரு விதி வேண்டும்

வேப்பமரத்தடி எழுதியது:

சென்ற கார்த்திகை மழையில், நான் கிழமைக்கு இரண்டு நாள் உதவிக்குப் போகும் ஒரு நாய்க் காப்பகத்தில் பதினொரு குட்டிகள் ஒன்பது நாளில் இறந்துபோயின. காப்பகத்தின் பெயரையும் ஊரையும் எழுதப்போவதில்லை. அங்கிருப்பவர்கள் தங்கள் சோற்றில் பாதியை அந்த உயிர்களுக்கு வைக்கிறவர்கள். அவர்களைக் கூண்டில் ஏற்ற இந்த இழையைத் தொடங்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு விடியற்காலை படலையடியில் பிஸ்கட் பெட்டி ஒன்று கிடந்தது. உள்ளே மூன்று குட்டிகள், ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒன்றுக்கு வயிற்றோட்டம். மழை விடாமல் ஊற்றியது. ஒழுகாத கொட்டில் ஒன்றுதான் இருந்தது, அதில் ஏற்கெனவே எட்டுக் குட்டிகள். அவற்றோடு இவற்றையும் விட்டோம். தூக்கிக்கொண்டு போய் விட்டது நான்தான். நான்காம் நாள் கொட்டிலில் ஒரு குட்டியும் சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் இரத்தமாகப் போகத் தொடங்கியது. யாரோ வீட்டிலிருந்த மாத்திரையைப் பாதியாக உடைத்து வாயில் திணித்தார்கள்.

ஆறாம் நாள் இரவு ஒரு கால்நடை வைத்தியர் தன் கடமை நேரம் முடிந்து மழைக்கோட்டோடு வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "எதற்கெல்லாம் ஊசி போட்டிருக்கிறீர்கள், எந்தத் தேதியில்?" ஒருவரிடமும் பதில் இல்லை. தடுப்பூசிக் குப்பிகளைக் காட்டச் சொன்னார். பிரிட்ஜின் கதவுத் தட்டில், தயிர்ச் சட்டிக்கும் கறிவேப்பிலைப் பொட்டலத்துக்கும் நடுவே நான்கு குப்பிகள் நின்றன. அதற்கு முந்தைய கிழமை இரண்டு நாள் மின்சாரம் இருக்கவில்லை. அவர் ஒரு குப்பியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். பத்து உயிருக்கு மேல் ஓரிடத்தில் அடைத்து வைக்கிற எவருக்கும், அந்த உயிர்களின் வைத்தியத்துக்குப் பொறுப்பான ஒரு வைத்தியரின் பெயர் இருக்க வேண்டும். வந்த நாள், போட்ட ஊசி, கொடுத்த மருந்து, இறந்த நாள் எல்லாம் எழுதிய பதிவேடு இருக்க வேண்டும். புதிதாக வருவதைத் தனியாக வைக்க ஓர் இடம் இருக்க வேண்டும். இதைச் சட்டமாகவோ உபவிதியாகவோ கொண்டுவர வேண்டும் என்பது என் கோரிக்கை. அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள்.

---

முற்றத்துநிழல் எழுதியது:

தங்கச்சி, உங்கள் கண்ணீர் எனக்குப் புரிகிறது. ஆனால் விதி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. என் வளவில் 62 நாய்கள் இருக்கின்றன. நானும் என் தம்பி மனைவியும்தான் பார்க்கிறோம். விதி வந்தால் முதலில் வருவது பூட்டு. பூட்டினால் இந்த 62 உயிரும் எங்கே போகும்? சந்தைக்கும் சுடலைக்கும்தானே?

எனக்கு விதி போட வருகிறவர்கள், என் வாசலில் குட்டிகளைப் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன விதி வைத்திருக்கிறார்கள்? போன மாதம் ஒருவர் காரை நிறுத்தி, பதினான்கு வயதுக் கிழட்டு நாயை மதிலுக்கு மேலால் இறக்கினார். கழுத்தில் பட்டி இருந்தது. பட்டியில் மணி இருந்தது. வெளிநாட்டுக்குப் போகிறார்களாம். அந்த நாய் மூன்று நாள் படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் வைத்த எதையும் தின்னவில்லை.

வைத்தியரை நான் வேண்டாம் என்றா சொல்கிறேன்? கூப்பிட்டால் வர ஆள் வேண்டும். வந்தால் கொடுக்கப் பணம் வேண்டும்.

---

பட்டியடி எழுதியது:

ஓய்வுபெற்ற அரச கால்நடை வைத்தியன் நான். இருவரும் சொல்வது சரிதான். முதலில் அந்தப் பதினொரு குட்டிகளைப் பற்றி எழுதுகிறேன். இது இனியும் நடக்கும், ஆகையால் தெரிந்திருக்க வேண்டும். வேப்பமரத்தடி மகள் எழுதிய குறிகளைப் பார்த்தால் அது பார்வோ வைரஸ் என்றே எண்ணத் தோன்றுகிறது. மலத்தில் வெளியேறி, வாய்வழியாக அடுத்த குட்டிக்குள் போகும். செருப்பில், சோற்றுக் கோப்பையில், விளக்குமாற்றில் ஏறிப் பயணம் செய்யும். மண்ணில் மாதக்கணக்கில், நிழலான ஈரமண்ணில் ஒரு வருடம்கூடக் கிடக்கும். வாசனைக் கிருமிநாசினி எதற்கும் அது அசையாது. துணி வெளுக்கும் குளோரின் திரவத்தை ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் விட்டுக் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அதற்கு முன்னால் மலத்தை நன்றாகக் கழுவி அகற்ற வேண்டும். அழுக்கின் மேல் குளோரின் ஊற்றினால் குளோரின்தான் செத்துப்போகும்.

"ஊசி போட்டும் செத்தது" என்று பலர் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் சேர்த்தே மடக்கிவிடும். அது எந்தக் கிழமையில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவேதான் காப்பகக் குட்டிகளுக்கு நான்கு அல்லது ஆறு கிழமை வயதில் தொடங்கி, இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை, பதினாறு இருபது கிழமை வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். தேதி எழுதாத இடத்தில் இதை எப்படிச் செய்வது? மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பிரிட்ஜின் கதவுதான் அதிகம் சூடேறும் இடம்.

காப்பக வைத்தியம் ஒரு நாய்க்குப் பார்க்கும் வைத்தியம் போன்றதன்று. பட்டியில் நிற்கும் மாடுகளுக்குப் பார்ப்பது போல, கூட்டத்தைப் பார்த்துச் செய்வது. முற்றத்துநிழல் அம்மாவிடம் ஒரு கணக்குச் சொல்லட்டுமா? அமெரிக்கக் காப்பகங்களில் நெடுங்காலமாக ஒரு நாய்க்குத் துப்புரவுக்கும் தீனிக்கும் மட்டும் நாளொன்றுக்குக் குறைந்தது 15 நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள். 62 நாய்க்கு 930 நிமிடம். பதினைந்தரை மணித்தியாலம். இரண்டு பேர் முழு நாளும் வேறொன்றையும் தொடாமல் செய்தால் முடியும், மருந்து கொடுக்க ஒரு நிமிடம்கூட மிஞ்சாது. உங்கள் அன்பில் குறை இல்லை அம்மா. நாளில் மணித்தியாலம் இல்லை.

---

சட்டவாசல் எழுதியது:

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். மிருகவதைத் தடைக்கு நம்மிடம் இருப்பது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். அதில் வதைக்குரிய தண்டப்பணத்தின் உச்சம் 100 ரூபா. அந்தக் காலத்தில் அது பெரிய பணம். இன்று யாழ்ப்பாணத்தில் அந்த 100 ரூபாவுக்கு மதியச் சோற்றுப் பார்சல்கூடக் கிடைக்காது. புதிய விலங்கு நலச் சட்ட வரைவைச் சட்ட ஆணைக்குழு 2006இல் தயாரித்தது. அதன்பின் எத்தனையோ அரசுகள் வந்துபோய்விட்டன.

யார் கால்நடை வைத்தியர் என்பதை 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதாவது, வைத்தியரின் தகுதிக்குச் சட்டம் இருக்கிறது. அவர் எங்கே இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு இல்லை. அறுபது நாய்களை ஒரு வளவில் அடைத்தால் வைத்தியர் ஒருவரை நியமி என்று கட்டாயப்படுத்தும் ஏற்பாடு 1907இன் சட்டத்தில் கிடையாது.

கால்நடை, அதன் நோய்த் தடுப்பு ஆகியவை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய அதிகாரங்கள். ஆனால் வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. நியதிச்சட்டம் இயற்ற அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மிஞ்சியிருப்பது 2025 மே மாதத்தில் தெரிவான மாநகர, நகர, பிரதேச சபைகள். அவற்றால் உபவிதி கொண்டுவர முடியும். வேப்பமரத்தடி கேட்பதை அங்கேதான் தொடங்க வேண்டும். உபவிதியில் அனுமதிப்பத்திரம், பதிவேடு, பொறுப்பு வைத்தியர், வருடத்துக்கு இருமுறை பார்வை என்று எழுதலாம். மீறினால் முதலில் எச்சரிக்கை, பிறகு கால அவகாசம் என்று படிப்படியாக வைத்தால் பூட்டுப் பயம் வேண்டியதில்லை.

---

கிணற்றடி எழுதியது:

எங்கள் வீட்டுக்குப் பின் வளவில் ஒரு காப்பகம் இருக்கிறது. குரைப்பைப் பற்றி நான் எழுத வரவில்லை. அது பழகிவிட்டது. என் கவலை கிணறு.

நம் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளில் இறங்கும் தண்ணீரைத்தான் நாம் அள்ளிக் குடிக்கிறோம். மேலே ஊற்றுவது வடிகட்டாமல் கீழே போகும். அந்தக் காப்பகத்தில் கொட்டில் கழுவும் தண்ணீர் எங்கள் வேலிப்பக்கம் ஒரு கிடங்கில் விழுகிறது. இறந்த நாய்களையும் அந்த மூலையில்தான் தாழ்க்கிறார்கள். போன மழைக்கு ஒரு குழி இடிந்துபோனதை நான் கண்ணால் கண்டேன். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாண மாவட்டத்தில் உயிர்களைக் கொண்டுபோனபோது, எங்கள் வீட்டில் மூன்று மாதம் கொதித்தாறிய நீரைத்தான் குடித்தோம். அந்தக் கிருமி நாயின் சிறுநீரிலும் வரும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னார். காப்பகத்தால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. எனக்கு அப்படிச் சொல்ல ஆதாரமில்லை.

விதி எழுதினால், எங்கே குழி வெட்டலாம், எங்கே கழிவுநீர் விடலாம் என்பதையும் எழுதுங்கள். வைத்தியரின் பெயரை மட்டும் சுவரில் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள்.

---

வேளச்சேரிவாசி எழுதியது:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். இங்கே விதி இருக்கிறது. 2001இல் வந்த நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பதிலாக 2023இல் புதிய விதிகள் வந்தன. விலங்கு நல வாரியம் அங்கீகரித்த அமைப்புதான் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அகற்றிய உறுப்புகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்றுகூட இருக்கிறது. எண்ணிக்கையை ஏற்றிக் காட்டி அரசுப் பணம் வாங்கும் பழக்கத்தைத் தடுக்க வந்த ஏற்பாடு அது.

ஆனால் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லியிலும் சுற்றுப்புறங்களிலும் இருக்கும் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூவர் அமர்வு அதை மாற்றியது. தடுப்பூசியும் கருத்தடையும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், ரேபிஸ் எனும் விசர் பிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர என்றது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலைய வளாகங்களில் பிடிப்பவற்றை அங்கே திரும்ப விடக்கூடாது என்றும் உத்தரவு வந்தது. ஒவ்வோர் உத்தரவும் வரும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: பிடித்து வைக்கும் இடத்தில் வைத்தியம் பார்க்கப்போவது யார்? அடைப்பதற்கு உத்தரவு ஒரு நாளில் வந்துவிடுகிறது. உங்கள் ஊரில் கட்டாக்காலி நாய்களைப் பிடித்து அடை என்று சபைகள் சொல்லத் தொடங்கும் முன்னர் வைத்திய விதியை எழுதிவிடுங்கள்.

---

ஸ்காபரோத்தம்பி எழுதியது:

கொக்குவிலில் பிறந்து, இப்போது கனடாவில் இருக்கிறேன். ஊரில் இரண்டு காப்பகங்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். எனக்கு வருவது படங்கள். நாய் சோறு தின்னும் படம், குட்டிக்குப் பாலூட்டும் படம். ஒருமுறைகூட "இந்த மாதம் இத்தனை வந்தன, இத்தனை இறந்தன, இத்தனைக்குக் கருத்தடை செய்தோம்" என்று எழுதி வந்ததில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் புண்படுவார்கள் என்று நினைத்தேன். இந்த இழையைப் படித்தபின் அது என் பிழை என்று தோன்றுகிறது.

இங்கே ஒன்ராறியோவில் 2019 வரை மிருகவதைச் சட்டத்தை அமுல்படுத்தியது ஒரு தனியார் தொண்டு அமைப்பு. தொண்டு அமைப்பிடம் பொலிஸ் அதிகாரம் இருக்கலாமா, அது யாருக்குப் பதில் சொல்கிறது என்ற வழக்கு எழுந்தது. 2020 ஜனவரி 1 முதல் அந்த வேலை மாகாண அரசின் பரிசோதகர்களிடம் போய்விட்டது. விதியைப் பார்வையிடுகிறவர் காப்பகத்தின் போட்டியாளராகவோ நண்பராகவோ இருக்கக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஊர்ச் சங்கங்களில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

முற்றத்துநிழல் அக்கா, நீங்கள் சம்மதித்தால், ஒரு வைத்தியர் கிழமைக்கு ஒரு நாள் உங்களிடம் வந்துபோகும் செலவை எங்கள் ஊர்ச் சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன். பதிவேட்டின் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினால் போதும்.

---

முற்றத்துநிழல் எழுதியது:

தம்பிக்கு நன்றி. ஐயா சொன்ன பதினைந்தரை மணித்தியாலத்தை இரவு முழுவதும் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இதுவரை ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மணியன் என்று ஒரு நாய் என்னிடம் இருந்தது. தவிட்டு நிறம், வாலில் மட்டும் வெள்ளை. முதலில் கண்ணிலும் மூக்கிலும் சளி வந்தது. பிறகு தாடை தானாக ஆடத் தொடங்கியது, சூயிங்கம் மெல்லுவது போல. அதன்பின் வலிப்பு. ஒரு நாளுக்கு இரண்டு, பிறகு ஐந்து, பிறகு எண்ண முடியவில்லை. வந்து பார்த்த வைத்தியர் இது டிஸ்டெம்பர் என்றார். மூளைக்குப் போய்விட்டது, திரும்பாது, ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். உயிரைக் கொடுத்தவன்தான் எடுக்க வேண்டும் என்றேன். எங்கள் வீட்டில் கோழிகூட அறுத்ததில்லை. அவர் வற்புறுத்தாமல் போய்விட்டார்.

மணியன் ஒன்பது நாள் இருந்தது. வலிப்பு வரும்போது தலை சீமெந்தில் அடிபடும். நான் சாக்கை மடித்து வைத்தேன். கால்கள் ஓடுவது போல அடித்து அடித்து முழங்கை தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. கடைசி இரண்டு நாள் கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. அந்தக் கொட்டிலில் இருந்த மற்ற நாய்கள் அந்தப் பக்கம் போகவில்லை, மூலையில் ஒடுங்கி நின்றன. அதில் மூன்று பின்னர் அதே நோயில் போயின.

நான் செய்தது தர்மமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த முடிவை என் ஒருத்தியின் கையில் விட்டிருக்கக்கூடாது என்று மட்டும் இப்போது நினைக்கிறேன்.

---

பட்டியடி எழுதியது:

அம்மா, இதை எழுத எத்தனை மனத்திடம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் சேவைக் காலத்தில் இந்தக் கேள்வியோடு எத்தனையோ திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறேன்.

2006 முதல் இந்த நாட்டில் தெருநாய்களைக் கொல்லக்கூடாது என்ற கொள்கை இருக்கிறது. அதற்கு முன் சபை வண்டி வந்து நாய்களைப் பிடித்துக்கொண்டு போன காலத்தைப் பார்த்தவன் நான். அந்தக் காலம் திரும்பவே கூடாது. ஆனால் அந்தக் கொள்கை, மீளவே முடியாத வேதனையில் கிடக்கும் ஓர் உயிருக்கு வைத்தியர் வலியில்லாத முடிவு கொடுப்பதைப் பற்றியதன்று. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால்தான் குழப்பம். விதி எழுதும்போது இதைத் தெளிவாக எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தனி ஒருவர் தீர்மானிக்கக்கூடாது. பதிவுபெற்ற வைத்தியர் பார்த்து, காரணத்தைப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்திட வேண்டும். இடம் போதாது, பணம் போதாது என்பவை காரணமாகக்கூடாது. காப்பகம் நடத்துகிறவர் சம்மதிக்காவிட்டால், அந்த உயிரின் வலியைக் குறைக்க என்ன மருந்து கொடுப்பது, எங்கே தனியாக வைப்பது என்பதையாவது வைத்தியர் எழுதிவைக்க வேண்டும். ஒன்பது நாள் சாக்கு மட்டும் போதாது அம்மா.

விசர் காப்பகத்துக்குள் எப்படி வரும் என்று யாரும் எழுதவில்லை. கடிபட்டு ஒரு மாதம் மூன்று மாதம் கழித்துக்கூட நாய்க்கு நோய் வெளிப்படும். நல்லாக இருக்கிறது என்று கூட்டத்துக்குள் விட்ட நாய் இரண்டு மாதத்தில் விசராகலாம். ஆகவே வந்த அன்றே விசர்த் தடுப்பூசி. காப்பகத்தில் வேலைசெய்கிறவர்கள் ஒவ்வொருவரும் கடிபடுவதற்கு முன்னரே தங்களுக்கான ஊசியைப் போட்டிருக்க வேண்டும். கடித்த நாய் காப்பகத்திலேயே இறந்தால் உடனே தாழ்த்துவிடாதீர்கள், அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். நான் வேலையில் இருந்தபோது தலையை ஐஸில் வைத்துக் கட்டி, கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வரும்வரை கடிபட்ட பிள்ளையின் தாய் என் அலுவலக வாங்கில் உட்கார்ந்திருப்பார்.

---

பேராதனைமாணவன் எழுதியது:

கால்நடை மருத்துவ பீடத்தில் படிக்கிறேன், ஊர் சாவகச்சேரி. இலங்கையில் கால்நடை வைத்தியரை உருவாக்கும் பீடம் எங்களுடையது ஒன்றுதான். வெளியேறுகிறவர்களில் கோழிப் பண்ணைக்கும் கம்பனிகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறவர்கள் பலர். ஆகவே ஒவ்வொரு காப்பகத்திலும் முழுநேர வைத்தியர் என்று விதி எழுதினால் அது காகிதத்தில் மட்டும் இருக்கும், அல்லது ஒரே வைத்தியர் பெயர் இருபது இடத்தில் தொங்கும். சட்டவாசல் அண்ணா சொன்ன "பொறுப்பு வைத்தியர்" சரியான வழி. ஒருவர் எத்தனை காப்பகத்துக்குப் பொறுப்பேற்கலாம் என்ற எல்லையும் வேண்டும்.

அவர் இல்லாத நாட்களில் காப்பகத்தார் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதிவைப்பதுதான் உயிரைக் காக்கும். பூச்சி மருந்து கொடுக்கலாம், புண்ணைக் கழுவலாம், உண்ணி எடுக்கலாம். வீட்டு மாத்திரை கூடாது. காய்ச்சலுக்கு நாம் குடிக்கும் பரசிற்றமோலில் ஒரு வில்லையே ஒரு பூனையைக் கொன்றுவிடும். பெண் நாய்களின் பின்புறத்தில் பூக்கோவா போலத் தடித்து இரத்தம் கசியும் கட்டி நம் ஊரில் நிறைய வருகிறது. அது புணர்ச்சியால் ஒரு நாயிலிருந்து மற்றதுக்குத் தொற்றும் புற்றுநோய். வின்கிறிஸ்டின் என்ற மருந்தைக் கிழமைக்கு ஒன்றாக நான்கு முதல் ஆறு கிழமை ஏற்றினால் பெரும்பாலும் முற்றாகக் குணமாகும். ஆனால் அது புற்றுநோய் மருந்து. இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் தசை அழுகும். ஊசி ஏற்றிய நாயின் சிறுநீரைக்கூடக் கையுறையோடுதான் கழுவ வேண்டும். ஒரு காப்பகத்தில் ஓர் அக்கா வெறுங்கையால் அந்தக் கொட்டிலைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர் கர்ப்பிணி. யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஒரு பக்கப் பதிவேடு ஒன்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். சீ.ஆர். கொப்பியில் அப்படியே வரைந்துகொள்ளலாம். வேப்பமரத்தடி அக்காவுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

---

கிணற்றடி எழுதியது:

உபவிதி கேட்டுச் சபைக்கு வேப்பமரத்தடி எழுதும் மனுவில் கையெழுத்துப் போட நான் வருகிறேன். எங்கள் பிரதேச சபை உறுப்பினர் எங்கள் ஒழுங்கைதான். மனுவில் கழிவுநீர்க் குழியைச் சேர்த்திருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டுத்தான் போடுவேன்.

---

வேப்பமரத்தடி எழுதியது:

சேர்த்தாகிவிட்டது. கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு நிரப்புவோம். வாசலில் விலங்குகளைக் கைவிட்டுப் போகிறவர்களுக்குத் தண்டப்பணம் என்பதையும் முற்றத்துநிழல் அக்காவுக்காகவே முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பூட்டு என்ற சொல் மனுவில் எங்கும் இல்லை. குறை கண்டால் ஆறு மாத அவகாசமும், அந்த ஆறு மாதத்தில் அரச வைத்திய அலுவலகத்தின் உதவியும் என்று இருக்கிறது. அரசாங்கம் உதவாமல் தண்டிக்க மட்டும் வந்தால் அந்த விதியை எதிர்த்து முதலில் எழுதுவது நானாக இருப்பேன்.

நான் போகும் காப்பகத்தில் பிரிட்ஜுக்குள் ஒரு வெப்பமானி வைத்தேன். கதவுத் தட்டில் ஞாயிறு காலை 9 பாகை, மாலை 12. உள்தட்டில் 5. அந்த நான்கு குப்பிகளையும் வைத்தியரிடம் ஒப்படைத்துவிட்டோம். நாளை மாலை முற்றத்துநிழல் அக்கா வீட்டுக்குக் கொப்பியோடு போகிறேன்.

---

முற்றத்துநிழல் எழுதியது:

தங்கச்சி வந்திருந்தார். பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்கினோம், ஒன்றொன்றாகப் பிடித்து, நிறம், காது, பல், புண் எல்லாம் பார்த்து எழுதினோம். முடிய இரவு பத்தரை ஆகிவிட்டது.

என்னிடம் 62 நாய்கள் இல்லை. 67 இருக்கின்றன. ஐந்து நாய்கள் எப்போது வந்தன என்று எனக்கே தெரியவில்லை. 41ஆம் எண், கறுப்புப் பெண் நாய், விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் படுத்திருப்பது, எப்போதும் வாலைத் தாழ்த்திக்கொண்டே இருக்கும். பயந்த நாய் என்று நினைத்திருந்தேன். தங்கச்சி வாலைத் தூக்கிப் பார்த்தார். பேராதனைத் தம்பி எழுதினாரே, பூக்கோவா போல என்று, அதேதான். இரத்தம் உறைந்து மயிரோடு ஒட்டிக் கிடந்தது. எத்தனை மாதமோ.

வைத்தியர் புதன்கிழமை வருகிறார். கையுறை வாங்கி வைத்திருக்கிறேன்.